ஒன் டன் நிசானுக்கு அளவெடுத்துத் தேடிய பாகங்கள்

மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணி ஆற்றிலிருந்து கூப்பிடு தொலைவில் எங்கள் தென்னந்தோப்பு இருக்கிறது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் கரையேறியபோது தோப்பிலிருந்த தகரக் கொட்டகை சரிந்து, அதற்குள் நின்ற ராணுவ வண்டியின் மேல் படுத்துவிட்டது. ராணுவ வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் ஈ.எம்.இ. பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற என் சித்தப்பா, ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளின் ஏலத்தில் 1998-இல் எடுத்த ஒன் டன் நிசான் அது. விழுந்த தென்னைகளை அப்புறப்படுத்துவதும் கன்றுகளை மறுபடி நடுவதுமாகவே அடுத்த சில ஆண்டுகள் கழிந்தன. வண்டியைப் பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை. ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் தோப்பில் தேங்கிய தண்ணீரில் அது அச்சு மூழ்க நின்றது. 2025-இல் சம்பா அறுவடை முடிந்து கை ஓய்ந்த மாசி மாதத்தில்தான் நானும் சித்தப்பாவும் அதன் முன்னால் ஜாக்கியோடு போய் நின்றோம்.

வண்டியைப் பற்றிச் சில விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜப்பானிய நிறுவனமான நிசான் ‘கேரியர்’ என்ற பெயரில் உருவாக்கிய நான்கு சக்கர இயக்க டிரக்கை, நிசானின் உரிமத்தோடு ஜபல்பூரில் நம் ராணுவத்துக்காகச் செய்தார்கள். முகப்பைப் பார்த்தால் அமெரிக்க டாட்ஜ் எம்37 வண்டியின் சாயல் தெரியும். உள்ளே இருப்பது ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். சிலிண்டர் விட்டம் 85.7 மி.மீ., ஓட்டம் 114.3 மி.மீ., மொத்தக் கொள்ளளவு 3956 சி.சி. பலருக்கும் பழக்கமான ராணுவ ஜீப்பான ஜோங்காவிலும், நிசான் பாட்ரோலின் 60 வரிசையிலும் இதே எஞ்சின்தான் இருந்தது. பாகம் தேடுகிறவருக்கு இந்த உறவு பெரிய உதவி. ஆனால் அந்த உறவு எஞ்சினோடு நின்றுவிடுகிறது என்பதை ஒரு தவறு செய்த பிறகே நான் கற்றேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

சித்தப்பா முதல் நாளே நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றையும் வெர்னியர் காலிப்பரையும் என் கையில் கொடுத்தார். “கழட்டுற ஒவ்வொண்ணையும் அளந்து எழுது தம்பி. பேரைச் சொல்லிக் கேட்டா கடைக்காரர் கையில இருக்கறதைத்தான் குடுப்பார். அளவைச் சொல்லிக் கேட்டாத்தான் உனக்கு வேண்டியது வரும்” என்றார். பின்வந்த நான்கு மாதங்களில் எங்களுக்குக் கிடைத்த பாகங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு பழக்கத்தால் கிடைத்தவையே. அதனால்தான் இந்தப் பதிவில் கழற்றிய வரிசையை விட அளந்த விதத்துக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஏழாவது ஆண்டாக ஓடாமல் நிற்கும் எஞ்சினைச் செல்ஃப் போட்டுச் சுற்றிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருந்தால், செல்ஃப் மோட்டாரின் முரட்டு விசையில் ரிங் உடையும், அல்லது வால்வு சிக்கித் தள்ளுகம்பி வளையும். நாங்கள் ஆறு பிளக்குகளையும் கழற்றி, டீசலும் எஞ்சின் ஆயிலும் சரிபாதியாகக் கலந்து ஒவ்வொரு துளையிலும் இரண்டு கரண்டி ஊற்றி நான்கு நாட்கள் விட்டுவிட்டோம். ஐந்தாம் நாள் முன்பக்கக் கப்பியின் நட்டில் நீண்ட ஸ்பானரைப் பொருத்தி, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்தபோது எஞ்சின் இளகியது. ஆயில் தொட்டியை வடித்தபோது முதலில் தண்ணீர் வந்தது. பிறகு வந்த ஆயில் மோர் நிறத்தில் இருந்தது.

சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்ததில் நான்கு சிலிண்டர்கள் ஏறத்தாழ ஒத்த அளவைக் காட்டின. 3-ஆவதும் 4-ஆவதும் மட்டும் அவற்றில் பாதியைக்கூட எட்டவில்லை. ஒரு சிலிண்டர் மட்டும் தனியாகக் குறைந்தால் ஒரு கரண்டி ஆயிலை உள்ளே விட்டு மீண்டும் அளக்க வேண்டும்; அளவு ஏறினால் குறை ரிங்கில், ஏறாவிட்டால் வால்வில். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால், எஞ்சினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் அவற்றுக்கு நடுவே அறுந்திருக்கிறது என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். ஹெட்டைத் தூக்கியபோது அந்த இரண்டு துளைகளுக்கும் இடையே கேஸ்கெட்டின் செம்புத் தகடு கருகி அறுந்து கிடந்தது. ஹெட்டின் அடிப்பரப்பில் எஃகு மட்டத்தை வைத்துப் பார்க்க, நடுவில் 0.15 மி.மீ. ஃபீலர் தகடு தாராளமாக நுழைந்தது. தஞ்சாவூரில் ஒரு பட்டறையில் அதைச் சமப்படுத்திக்கொண்டு வந்தோம். எவ்வளவு குறைவாகச் சீவினால் ஹெட் சமமாகுமோ அவ்வளவுக்கு மேல் சீவ வேண்டாம் என்று சித்தப்பா பட்டறையில் நின்று பார்த்துக்கொண்டார்.

கேஸ்கெட்டுக்காக மன்னை எக்ஸ்பிரஸில் ஏறினேன். காலையில் எழும்பூரில் இறங்கினால் புதுப்பேட்டை நடந்துபோகும் தொலைவு. கூவத்தை ஒட்டிய அந்தத் தெருக்களில் வண்டிகளைப் பிரித்துப் பாகமாக விற்கும் கடைகள் வரிசையாக உள்ளன. கதவு, கண்ணாடி, கியர்பாக்ஸ் என்று ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு கைப்பழக்கம் உண்டு. நாலைந்து கடைகள் ஏறி இறங்கிய பிறகு, ராணுவக் கையிருப்பிலிருந்து வெளியே வந்த ஹெட் கேஸ்கெட் ஒன்று கிடைத்தது. அப்படி வரும் பாகங்களைப் பார்த்தவுடன் அடையாளம் காணலாம். இரும்புப் பாகமாக இருந்தால் கெட்டிக் கிரீஸ் பூசி மெழுகுத்தாளில் சுற்றியிருப்பார்கள். வெளியே எண் எழுதிய சீட்டு இருக்கும். சீட்டை மட்டும் நம்பாமல் நான் பழைய கேஸ்கெட்டைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். கடை வாசலில் ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ஆறு சிலிண்டர் துளைகளையும், போல்ட் துளைகளையும், தண்ணீர் வழிகளையும் பொருத்திப் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன்.

அதே நாளில்தான் அந்தத் தவறையும் செய்தேன். பிரேக் வீல் சிலிண்டருக்கான ரப்பர் செட்டைக் கேட்டபோது, “ஜோங்காவுக்கும் ஒன் டன்னுக்கும் ஒண்ணுதான் சார்” என்று கடைக்காரர் சொன்னார். எஞ்சின் ஒன்றாக இருப்பதால் பிரேக்கும் ஒன்றாக இருக்கும் என்று நானும் நம்பி, அளக்காமல் வாங்கிவிட்டேன். ஊருக்கு வந்து பொருத்தினால் ரப்பர் குமிழ் துளைக்குள் ஆடியது. ஜோங்கா ஆள் ஏற்றிப் போகும் இலகு வண்டி; ஒன் டன் சுமை வண்டி. அச்சும், டிரம்மும், பிரேக்கும் சுமைக்குத் தக்கபடி வேறுபடும் என்பது கொஞ்சம் யோசித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். கடைக்காரர் ஏமாற்ற நினைத்துச் சொன்னதாக நான் கருதவில்லை. அளவைச் சொல்லாமல் பெயரைச் சொன்னது நான்.

அளவு கைகொடுத்த இடங்களுள் மிக எளியது பேரிங். உலகத்தில் எங்கே செய்தாலும் பந்து பேரிங்கின் அளவுகள் பொதுவான தரத்துக்கு உட்பட்டவை. வளையத்தில் பொறித்த எண்ணே அதன் முகவரி. 6303 என்று இருந்தால் உள்துளை 17 மி.மீ., வெளிவிட்டம் 47 மி.மீ., அகலம் 14 மி.மீ. என்பது மாறாது. எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் 04 முதல் மேலே போனால் அதை 5-ஆல் பெருக்கினால் உள்துளை கிடைத்துவிடும். 6306 என்றால் 30 மி.மீ. எங்கள் டைனமோவின் முன் பேரிங்கில் எண் துருவால் அழிந்திருந்தது. அளந்து பார்த்தேன்: 17, 47, 14. மன்னார்குடியில் மோட்டார் பம்புக்குச் சுருள் கட்டும் கடையில் அந்த 6303 பேரிங் மேசை மேலேயே இருந்தது. ராணுவ வண்டிக்கு என்று சொல்லியிருந்தால் இல்லை என்றிருப்பார்கள். சுழலும் தண்டின் ஓரமாக எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையமான ஆயில் சீலும் இப்படித்தான். உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்ற மூன்று எண்கள் போதும். ஒரே ஓர் எச்சரிக்கை: பழைய சீலை அளக்கக் கூடாது. சீலின் உதடு தேய்ந்து அகன்றிருக்கும். அது உட்காரும் குழியையும், அது உரசும் தண்டையும் அளக்க வேண்டும்.

மரை விஷயத்தில் எங்களுக்கு முன்பு யாரோ செய்த பிழை ஒரு வாரத்தைத் தின்றது. தண்ணீர் பம்பைப் பிடித்திருந்த நான்கு போல்ட்டுகளில் இரண்டு பாதியில் இறுகி நின்றன. நல்ல நிலையில் இருந்த ஒரு போல்ட்டை, மரை இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜில் வைத்துப் பார்த்தேன்: 10 மி.மீ. தடிமன், 1.25 மி.மீ. மரை இடைவெளி. ஹார்டுவேர் கடையில் 10 மி.மீ. போல்ட் கேட்டால் கிடைப்பது 1.5 மி.மீ. இடைவெளி கொண்டது. அது முதல் இரண்டு சுற்று சாதுவாக ஏறும். பிறகு ஸ்பானரால் திருப்பினால் வார்ப்பிரும்பின் மரையை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். ஜப்பானிய வழி வந்த மோட்டார் வண்டிகளில் 10-க்கு 1.25 என்பது சாதாரணம் என்பதால், மாருதி கார் பாகம் விற்கும் கடையில் நல்ல கெட்டிப் போல்ட்டுகள் கிடைத்தன. அறுந்த இரண்டு துளைகளையும் லேத் பட்டறை அண்ணன் பெரிதாக்கி, உள்ளும் புறமும் மரை வெட்டிய எஃகுக் குழல் ஒன்றைத் திருகிப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார்.

இனி இந்தப் பணியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். ஹெட்டிலிருந்து ரேடியேட்டர் குழாய்க்குத் தண்ணீரைக் கொண்டுபோகும் முழங்கை வடிவக் குழாய் ஒன்று, எஞ்சின் சூட்டுக்கேற்பத் தண்ணீரை விடும் தெர்மோஸ்டாட்டின் மேல் மூடியாக உட்காரும். எங்களுடையது அலுமினியத்தால் ஆனது. கடலை நெருங்கிய டெல்டாவில் போர்வெல் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும். பல ஆண்டுகள் அதையே ரேடியேட்டரில் ஊற்றியதால் முழங்கை உள்ளிருந்து அரித்து, கரையான் தின்ற மரம் போல ஆகியிருந்தது. ஸ்பானர் பட்டவுடன் பாதி கையோடு வந்தது. புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் ஆள் வைத்துக் கேட்டதில், கிடைத்த ஒன்றும் இதே நிலையில் இருந்தது. அப்போது சித்தப்பாதான், “நாச்சியார்கோயில்ல குத்துவிளக்கு வார்க்கிறாங்களே, அவங்களுக்கு இது எம்மாத்திரம்?” என்று கேட்டார்.

கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கை ஒரே வார்ப்பாகச் செய்வதில்லை. அடிப்பீடம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் நிற்கும் அன்னம் என்று தனித்தனியாக மணல் அச்சில் வார்த்து, கடைந்து, மரை வெட்டித் திருகிச் சேர்க்கிறார்கள். உள்ளீடற்ற வார்ப்பும், கடைசலும், மரையும் அவர்களுக்கு அன்றாட வேலை. நாங்கள் போன பட்டறையின் பெரியவர் உடைந்த முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பித்தளையில வரும் தம்பி. ஆனா இதை அப்படியே மண்ணுல அழுத்தினா, ஓட்டையும் சேர்ந்துதான் வரும். முதல்ல இதை முழுசாக்கிக் குடுங்க” என்றார்.

உடைந்த பகுதியை மெழுகாலும் மர வேலைக்கான பட்டியாலும் இட்டு நிரப்பி, மூன்று மாலைகள் அரத்தாள் தேய்த்து முழு வடிவத்துக்குக் கொண்டுவந்தேன். இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. உருகிய பித்தளை உறையும்போது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவுக்குச் சுருங்கும். பழைய பாகத்தையே மாதிரியாக வைத்து வார்த்தால், வருவது அதைவிடச் சிறியதாகவே இருக்கும். எனவே ஹெட்டில் உட்காரும் தட்டைப் பரப்பிலும், ரப்பர் குழாய் ஏறும் வாய்ப்பகுதியிலும் அட்டையை ஒட்டி 2 மி.மீ. கூட்டிக் கொடுத்தேன்; பிறகு கடைந்து அளவுக்குக் கொண்டுவரலாம். போல்ட் துளைகளை வார்ப்பில் வைக்கவே கூடாது. சுருக்கத்தில் அவற்றின் இடைவெளியும் குறைந்துவிடும். ஹெட்டின் மேல் காகிதத்தை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டி ஓரம் வெட்டி எடுத்த அச்சைக் கொண்டு, துளைகளைக் கடைசியில் போட்டோம்.

பெரியவர் அச்சுப் பெட்டியில் மண்ணை இறுக்கி, உள்வழிக்குத் தனியாக ஒரு மண் கரு செய்து வைத்து, ஒரே முயற்சியில் வார்த்துக் கொடுத்தார். மண்ணிலிருந்து எடுத்தபோது அது அழுக்குப் பச்சை நிறத்தில் கரடுமுரடாக இருந்தது. கடைந்த பிறகு விளக்கின் நிறம் வந்தது. பித்தளை இங்கே பொருந்துமா என்று சிலர் கேட்டார்கள். ரேடியேட்டரின் தொட்டியே பித்தளைதான். கூலன்ட் ஒழுங்காகக் கலந்து ஓட்டினால் இதனால் தீங்கில்லை என்பது என் முடிவு. ஆனால் சோதிக்காமல் வண்டியில் ஏற்றவில்லை. இரண்டு வாய்களையும் ரப்பர் வைத்து மரப்பலகையால் இறுக்கி, உள்ளே தண்ணீர் நிரப்பி, சைக்கிள் பம்பால் காற்றடித்து அரை மணி நேரம் வைத்திருந்தேன். ஓரிடத்தில் வியர்வை போல ஒரு துளி அரும்பியது. அந்த நுண்துளையை ஈயப் பற்று வைத்து அடைத்த பிறகு மறு சோதனையில் காய்ந்தே இருந்தது.

எதை ஊரில் செய்யலாம் என்ற கேள்விக்கு இந்த முழங்கை ஒரு விடை என்றால், எதைச் செய்யக் கூடாது என்ற கேள்விக்குப் பிரேக் விடை சொன்னது. டிரம்மைக் கழற்றுவதற்கே இரண்டு நாட்கள் பிடித்தன. வயல் சேறு உள்ளே போய் வெயிலில் காய்ந்து, லைனருக்கும் டிரம்முக்கும் நடுவே ஓடு போல இறுகியிருந்தது. பழைய லைனரில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் காற்றடித்து ஊதவில்லை. ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணிகளை ஒரு பையில் கட்டிப் போட்டோம். வீல் சிலிண்டர்களைத் திறந்தபோது ரப்பர் குமிழ்கள் ஊறிய கொண்டைக்கடலை போல உப்பி, மாவாகப் பிசுபிசுத்தன. யாரோ எப்போதோ பிரேக் ஆயிலுக்குப் பதிலாகச் சாதாரண மசகு எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள். இதைக் கண்டறிய எளிய வழி இருக்கிறது: ஒரு கிளாஸ் தண்ணீரில் நான்கு சொட்டு விட வேண்டும். டாட் 3 வகைப் பிரேக் ஆயில் தண்ணீரில் கரைந்துவிடும். மசகு எண்ணெய் மிதக்கும். எங்கள் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து எடுத்தது கண் கண்ணாக மிதந்தது.

இந்த வண்டியில் பிரேக்குக்கு ஒரே சுற்று. ஒரு சக்கரத்தில் ரப்பர் கிழிந்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். ஆகவே இங்கே சிக்கனம் பார்ப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டோம். எஃகுக் குழாய்கள், ரப்பர் ஹோஸ்கள், குமிழ்கள் எல்லாம் புதியவை. சிலிண்டர்களின் உள்சுவர் துருவால் குழிந்திருந்தது. வெறுமனே ஹோன் செய்து, அதாவது உரைகல்லால் தேய்த்து, குழி போகும் வரை பெரிதாக்கினால் ரப்பர் தளர்ந்துவிடும். அதனால் லேத் அண்ணன் உள்சுவரை அகலக் கடைந்து, பித்தளைக் குழலை அழுத்தி ஏற்றி, மறுபடியும் பழைய அளவான ஒன்றேகால் அங்குலத்துக்குக் கடைந்தார். ஆயில் வரும் சிறு துளையைக் குழலிலும் போட்டு, அதன் உள் ஓரத்தில் பிசிறு இல்லாமல் தேய்த்தோம். அந்தப் பிசிறு ஒன்று போதும், புது ரப்பரை முதல் மிதியிலேயே கீறிவிடும். ரப்பர் குமிழ்களை மட்டும் உள்ளூரில் வார்ப்பதாக ஒருவர் முன்வந்தும் நாங்கள் ஒப்பவில்லை. டாட் 3 ஆயிலுக்கு ஏற்ற ரப்பரா என்று நமக்குத் தெரிய வழியில்லை. ஒன்றேகால் அங்குலம் என்று அளவைச் சொல்லி, பெயர் பெற்ற நிறுவனத்தின் முத்திரையும் தயாரிப்பு மாதமும் பொறித்த குமிழ்களைத் திருச்சியில் வாங்கினோம். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை 205 டிகிரியாவது இருக்க வேண்டும் என்பது தரம். ஈரம் உறிஞ்சினால் அது 140 வரை இறங்கலாம். நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு ஆண்டுக்கு ஒரு முறை அதை மாற்றுவது நல்லது.

சக்கரத்தைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வண்டியின் ரிம் இரண்டு பாதிகளைப் போல்ட் போட்டுச் சேர்த்த வகை. வண்டியோடு சக்கரத்தைப் பிணைக்கும் நட்டுகளின் வட்டம் ஒன்று, ரிம்மின் இரு பாதிகளைப் பிணைக்கும் நட்டுகளின் வட்டம் வேறொன்று. டயரில் காற்று இருக்கும்போது இரண்டாவது வட்டத்தைத் தளர்த்தினால் ரிம் வெடித்துப் பிரியும். எதிரில் இருப்பவர் பிழைக்க மாட்டார். எங்கள் பஞ்சர் கடைத் தம்பிக்கு இந்த வகை பழக்கமில்லை. அவர் நேராக அந்த நட்டில் ஸ்பானரை வைத்தார். சித்தப்பா போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். பிறகு வால்வு ஊசியையே கழற்றி, கம்பி விட்டு அடைப்பில்லை என்று பார்த்து, காற்று முழுவதும் போன பின்பே தொட்டோம். இரண்டாவது வட்ட நட்டுகள் எல்லாவற்றுக்கும் சிவப்புச் சாயம் அடித்தோம். காற்று அடிக்கும்போது சக்கரத்தைச் சங்கிலியால் கட்டிக் கவிழ்த்து வைத்து, நீண்ட குழாயோடு தள்ளி நின்றே அடித்தோம்.

டயர் அளவு 9.00-16. நெல் ஏற்றும் டிராக்டர் டிரெய்லருக்கும் இதே அளவு வருவதால், டெல்டாவின் எந்த டயர் கடையிலும் கிடைக்கும். ஆனால் அவை இழுபடும் சக்கரத்துக்கானவை. வண்டியை இழுக்கவும் திருப்பவும் வேண்டிய பிடிப்பும், வேகம் தாங்கும் கட்டும் அவற்றில் இல்லை. வண்டியைத் தோப்புக்குள் நகர்த்தும் வரை அவற்றைப் போட்டுக்கொண்டு, சாலைக்காக ராணுவ வகைப் பட்டை கொண்ட ஐந்து டயர்களை வடக்கிலிருந்து வரவழைத்தோம். செலவில் பெரும்பங்கு இதற்கே போனது.

அச்சுக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது என்பதை இங்கே விளக்க வேண்டும். வயலும் வாய்க்காலும் தாண்டும் எந்த வண்டிக்கும் இது பொருந்தும். ஓடிச் சூடான அச்சை வாய்க்கால் தண்ணீரில் இறக்கினால் உள்ளேயுள்ள காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். அந்த வெற்றிடத்தை நிரப்பக் காற்று வர, அச்சின் மேல் சிறு மூச்சுத்துளை ஒன்று இருக்கிறது. அது சேற்றால் அடைத்திருந்தால், சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் உள்ளே ஏறும். எங்கள் இரண்டு மூச்சுத்துளைகளும் அடைந்தே கிடந்தன. முன் அச்சிலிருந்து மோர் நிற எண்ணெய் ஒரு வாளி வந்தது. பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் சுழற்றிப் பார்த்து, குழி விழுந்த மூன்றை மாற்றினோம். மூச்சுத்துளைகளில் சிறு குழாயைச் செருகி, வண்டியின் பானெட் உயரம் வரை ஏற்றிக் கட்டிவிட்டோம். நூறு ரூபாய்க்கும் குறைந்த செலவு அது.

பெட்ரோல் பக்கத்தில் கவலை வேறு. இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் இருக்கிறது. பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் டயஃப்ரத்தையும் அது இளக்கும். காற்றின் ஈரத்தை ஈர்த்து, அளவு மீறியதும் தண்ணீரோடு பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். குழாய்களையும் டயஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் வகையில் மாற்றினோம். ஒரு மாதத்துக்கு மேல் வண்டி நிற்கும் என்றால் தொட்டியை வடித்துவிடுகிறோம். கார்புரேட்டரின் பித்தளை மிதவை கனத்திருந்தது. வெந்நீரில் அமிழ்த்தியபோது ஓரத்தில் நூல் போலக் குமிழி வந்தது. அந்த இடத்தில் சிறு துளையிட்டு, உள்ளேயிருந்த பெட்ரோலை ஆவியாகப் போக்கிய பின் ஈயம் வைத்தோம். ஈயமில்லாப் பெட்ரோலில் வால்வு உட்காரும் சீட் தேய்கிறதா என்பதை அறிய, வால்வு இடைவெளியை மாதம் ஒரு முறை அளந்து எழுதுகிறேன். சரிசெய்த பிறகும் ஒரே வால்வில் இடைவெளி தொடர்ந்து குறைந்தால், அங்கே சீட் உள்வாங்குகிறது என்று பொருள். டீசல் எஞ்சின் போட்டுவிடுங்கள் என்று சொன்னவர்கள் பலர். அளந்து, வார்த்து, கடைந்து இந்த எஞ்சினையே ஓட்ட முடியும்போது அதை எடுத்து வெளியே போட எனக்கு விருப்பமில்லை.

மின்கம்பிகளை எலி தின்றிருந்தது. முழுவதையும் புதிதாக இழுத்தோம். டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்ட் இடைவெளியை அரை மில்லிமீட்டருக்கு வைத்து, பிளக் வயர்களை 1-5-3-6-2-4 என்ற வரிசையில் மாட்டி, டெஸ்ட் லாம்ப் கொண்டு டைமிங் வைத்தோம். மே மாதம் மூன்றாவது வாரத்தில் ஒரு காலைப் பொழுதில், நான்காவது முயற்சியில் எஞ்சின் பிடித்தது. சிலிண்டரில் ஊற்றிய ஆயில் எரிந்து தோப்பு முழுவதும் வெண்புகை சூழ்ந்து, கால் மணி நேரத்தில் அடங்கியது.

ராணுவத்தில் வண்டியைக் கிளப்பும் முன் செய்யும் சோதனைக்கு ஃபர்ஸ்ட் பரேட் என்றும், வழியில் நிறுத்தும்போது செய்வதற்கு ஹால்ட் பரேட் என்றும், ஓட்டம் முடிந்து செய்வதற்கு லாஸ்ட் பரேட் என்றும் பெயர். சித்தப்பா மூன்றையும் விட்டுக்கொடுப்பதில்லை. மேட்டூர் திறந்து, தண்ணீர் எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்த ஜூன் மாதத்தில் முதன்முறையாகச் சாலையில் மன்னார்குடி வரை போய் வந்தோம். பாதி வழியில் நிறுத்தி நான்கு சக்கரங்களின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பார்த்தார். இடது பின் சக்கரம் மற்றவற்றை விடச் சுட்டது. அங்கேயே ஜாக்கி போட்டு, பிரேக் ஷூவை இரண்டு பல் தளர்த்தி, கையால் சுழற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பினோம். பித்தளை முழங்கை ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. முன் பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ ரேஞ்ச் போட்டால் மட்டும் ஒரு முனகல் கேட்கிறது. குறுவை அறுவடை முடிந்ததும் அதை இறக்குவதாக இருக்கிறோம். அதன் மூன்று ஆயில் சீல் குழிகளின் அளவுகளையும் இறக்கிய அன்றே எடுத்துவிட வேண்டும் என்று நோட்டின் முப்பத்தெட்டாம் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.